ஒன்பதாவது கட்டத்தின் ஓரம்

செப்டம்பர் 8

தம்பிக்கு,

என் கால் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். முழங்கால் வரை மாவுக்கட்டு. இன்னும் நான்கு வாரம் தரையில் ஊன்றக் கூடாதாம். "படகு ஏணியில தொத்தி ஏறுற வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்று டாக்டர் கேட்டார். பெயிண்ட் இன்ஸ்பெக்டர் பெயிண்ட் இருக்கிற இடத்துக்குத்தானே போக வேண்டும்? பதில் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் என் கால் அவர் கையில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

உன் தினசரி அறிக்கைகள் வந்தன. கடல் மேடைக்குப் போன் கொண்டுபோகக் கூடாது, வயர்லெஸ்ஸில் திட்டினால் துறைமுகமே கேட்கும் என்பதால் எழுதுகிறேன். பதினோரு நாள் அறிக்கை. பதினோரு நாளும் காற்றின் ஈரப்பதம் அறுபத்திரண்டு. கடலுக்கு நடுவே நிற்கிறாய், கீழே அலை, மேலே மேகம். ஒரு நாளாவது அறுபத்து மூன்று என்று பொய் சொல்லியிருக்கக் கூடாதா? ஈரக் காற்றில் இரும்பு வியர்க்கும், வியர்த்த இரும்பின் மேல் அடித்த பெயிண்ட் தோலாக உரியும். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஃபைலில் இருக்கட்டும்.

அடுத்தது ஓரப்பூச்சு. ஸ்பிரே அடித்தால் பெயிண்ட் தட்டையான இடத்தில் ஒழுங்காக உட்காரும். விளிம்பிலும் போல்ட் தலையிலும் வெல்டிங் மேட்டிலும் நிற்காமல் விலகிக்கொள்ளும். துரு முதலில் கடிப்பது அங்கேதான். அதனால் அந்த இடங்களுக்கு மட்டும் தனியாகப் பிரஷ்ஷால் ஒரு பூச்சு கொடுக்கிறோம். என் வேலைகளில் அந்தப் பூச்சு எப்போதும் சிவப்பு, மற்றதெல்லாம் சாம்பல் என்பது உனக்குத் தெரியும். உன் அறிக்கையில் "நடைபாலத்தின் பதினான்கு கட்டமும் ஓரப்பூச்சு முடிந்தது" என்று மட்டும் இருக்கிறது. சிவப்பு என்ற சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம்.

நான் அன்றைக்கு ஏணியிலிருந்து விழாமல் மேலே வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. விழுந்துவிட்டேன். ஆகவே பதில் எழுது. என் பதில் வரும்வரை இரண்டாவது சாம்பல் கோட் அடிக்காதே.

தன் இரண்டு பிள்ளைகளும் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா என்று அத்தை கேட்கச் சொன்னார். எனக்கு உதவியாக வந்திருக்கிறார். நான் ஊன்றுகோலை எடுத்தால் அதைப் பிடுங்கி ஒளித்துவைக்கிறார்.

அண்ணி


செப்டம்பர் 11

அண்ணிக்கு,

உங்கள் காலைப் பற்றித் தினமும் அண்ணனிடம் கேட்கிறேன். "விசாரிச்சேன்னு சொல்லிடு" என்றும் சொல்கிறேன். அண்ணன் வாயைத் திறப்பதே கொட்டாவி விடத்தான் என்பது உங்களுக்குத் தெரியாதா? கட்டிக்கொண்டு பதினாறு வருஷம் ஆகிறது. அவன் சொல்லாததற்கெல்லாம் நான் பழி சுமக்க முடியாது.

ஈரப்பதம். மீட்டர் அறுபத்திரண்டில் சிக்கிக்கொண்டது. நான் தட்டினேன், துடைத்தேன், வெயிலில் வைத்தேன், நிழலில் வைத்தேன். அறுபத்திரண்டு. மீட்டர் காட்டுவதை எழுதச் சொன்னதும் நீங்கள்தான். இரும்பை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் அடித்தேன். வியர்க்கவில்லை.

இனி சிவப்பு. ஸ்டோரிலிருந்து ஐந்து டின் சிவப்பு வந்தது. அதனுடன் கலக்க வேண்டிய ஹார்டனர் ஒரு டின்கூட வரவில்லை. ஹார்டனர் இல்லாமல் அடித்தால் அந்தச் சிவப்பு அடுத்த வருஷமும் ஈரமாகத்தான் இருக்கும். கேட்டால் "அடுத்த வாரம்" என்கிறார் ஸ்டோர்கீப்பர். அவருடைய அடுத்த வாரம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. கடல் அமைதியாக இருந்தது சில நாள்தான். இனி காற்று மாறும், பலகை கட்டித் தொங்க முடியாது. அதனால் கையில் இருந்த சாம்பலையே ஓரத்துக்கும் அடித்தேன்.

ஆனால் அடித்தேன், அண்ணி. வேறு ஆளிடம் கொடுக்கவில்லை. நானே அந்தத் தொங்கு பலகையில் மல்லாந்து படுத்து, முதுகுக்குக் கீழே அலை மோத, இரண்டங்குலப் பிரஷ்ஷால் ஒவ்வொரு போல்ட்டாக அடித்தேன். கண்ணில் சொட்டியது, காதில் சொட்டியது, ஒரு நாள் வாயிலும் சொட்டியது. அதன் ருசியைக்கூட அறிக்கையில் எழுத வேண்டுமென்றால் எழுதுகிறேன்.

இரண்டாவது கோட் அடிக்காதே என்ற உங்கள் கடிதம் செவ்வாய்ப் படகில் வந்தது. கோட் திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. இப்போது சாம்பலுக்கு மேல் சாம்பல், அதற்கு மேலும் சாம்பல். நடைபாலம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது.

நாங்கள் நன்றாகச் சாப்பிடுகிறோம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அண்ணன் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறான்.

கொழுந்தன்


செப்டம்பர் 15

தம்பிக்கு,

"பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது" என்ற வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேஜையில் வைத்தேன். பிறகு தலையை வைத்தேன்.

நிதானமாகப் படி. நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. உன் கையைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாம்பலுக்குள் இருக்கிற சாம்பலை யாராலும் பார்க்க முடியாது. என்னால் முடியாது, லென்ஸ் வைத்தாலும் முடியாது. உன்னாலும் முடியாது. எங்கே பூசினோம், எங்கே விட்டோம் என்பது அந்த நிமிஷமே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் வேறு நிறம் கேட்டேன். அழகுக்காக அல்ல.

அது கடலோரம் மட்டும் என்றால்கூடச் சற்று யோசித்திருப்பேன். உங்கள் மேடையில் கப்பலிலிருந்து ஆசிட் இறங்குகிறது. கீழேயிருந்து உப்பு, மேலேயிருந்து ஆசிட் ஆவி. இரண்டும் சேர்ந்து ஒரு மெல்லிய விளிம்பைத் தின்ன எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறாய்? அதிலும் ஒன்பதாவது கட்டம். ஆசிட் குழாயைக் கப்பலோடு இணைக்கிற இடம். ஒவ்வொரு கப்பலுக்கும் அங்கே நின்று அந்தக் குழாயைப் பூட்டுவது உன் அண்ணன். இதையும் நான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே முடிவு இதுதான். பதினான்கு கட்டத்திலும் விளிம்பு, போல்ட், வெல்டிங் எல்லாவற்றையும் கிரிட் துகளைக் காற்றில் பீய்ச்சிப் பிளாஸ்டிங் செய்து இரும்பு தெரிய உரி. நல்ல தண்ணீரால் கழுவு. உப்புச் சோதனை செய். முதல் கோட் அடி. பிறகு சிவப்பு. பிறகுதான் சாம்பல். ஹார்டனருக்காக நானே பெயிண்ட் கம்பெனிக்குப் போன் செய்து அரை மணி நேரம் கத்தினேன். அத்தை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைப் படகில் உனக்கு வந்து சேரும்.

மேனேஜரும் பேசினார். "மேடம், பார்க்க நல்லாத்தானே இருக்கு? கப்பல் இருபதாம் தேதி வருது. நீங்க இங்க வரவும் முடியல, விடவும் மாட்டேங்கறீங்க. வேற ஒருத்தரை வெச்சுப் பார்த்துக்கட்டுமா?" என்றார். தாராளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், என் கையெழுத்து கிடைக்காது என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி


செப்டம்பர் 18

அண்ணிக்கு,

உரிக்க வேண்டுமா? நன்றாக இருக்கிறது. முந்நூறு மூட்டை கிரிட்டைப் படகில் ஏற்றி, அலையில் இறக்கி, தோளில் சுமந்து பிளாஸ்டிங் செய்தது நாங்கள். மெத்தையில் காலை நீட்டிக்கொண்டு உரி என்று ஒரு வரியில் எழுதுவது நீங்கள். படித்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அம்மா படித்துவிடுவாள்.

இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே நடைபாலத்துக்குத் துத்தநாகப் பூச்சு எழுதிக் கொடுத்தது யார்? கடல் உப்புக்குத் துத்தநாகம் தங்கம், சரி. ஆசிட் சொட்டுகிற இடத்தில் அது சர்க்கரையாகக் கரையும். "இங்க தாங்காதே அண்ணி" என்று நான் கேட்டேன். "எழுதிக் கொடுத்ததை அடி" என்றீர்கள். அடித்தேன். ஒரே வருஷத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக் கொட்டியது.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒன்பதாவது கட்டத்தில் கம்பித் தட்டைத் தாங்குகிற கொக்கி துருவில் அறுந்து, அண்ணனுடைய வலது கால் தட்டோடு சேர்ந்து தொடை வரை உள்ளே போனது. கீழே இருந்தது கடல் இல்லை. ஆசிட் வடிகிற தொட்டி. நான் பக்கத்தில் இருந்ததால் அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று உங்களிடம் சொன்னானே, அது இதுதான். "அவகிட்ட சொல்லாதடா, தாங்க மாட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு வருஷம் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் நான் ஓரத்தை விட்டுவிடுவேன் என்று நினைக்கிறீர்களா? ஒன்பதை நான் அடித்தேன். என் கண்ணாணை அடித்தேன். அண்ணன் நிற்கிற இடம் என்று இரண்டு தடவை அடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

உரிக்க மாட்டேன். நாளைக்குப் புது இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் பார்த்துக்கொள்வார்.

கொழுந்தன்


செப்டம்பர் 22

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

அந்தக் காயத்துக்கு மருந்து போட்டது நான்தான். தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வழித்துக்கொண்டு போயிருந்தது. குளியலறையில் இப்படியா அடிபடும் என்று கேட்டேன். குழாய் கிழித்துவிட்டது என்றார். நானும் நம்பி, ஈரத்தில் பார்த்து நடக்கத் தெரியாதா என்று ஒரு வாரம் திட்டினேன். கடல் மேடைக் குளியலறைக்கு ரப்பர் விரிப்பு வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு "நல்லா இருக்கு" என்றார்.

துத்தநாகம் என் தப்பு. கடலை மட்டும் பார்த்தேன், ஆசிட்டைப் பார்க்கவில்லை. நீ கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. பூச்சு பொங்கியபோது மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு அதோடு முடிந்தது என்று இருந்துவிட்டேன். அது அவர் காலைப் பிடித்து இழுத்த கதை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததற்கு மன்னிப்பு யாரிடம் கேட்பது? உன்னிடம் கேட்கிறேன். அவரிடம் நேரில் கேட்கிறேன். சொல்லாமல் இருந்ததற்கு நேரில் நாலு வார்த்தையும் கொடுப்பேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்குத் துத்தநாகம் எழுதியபோது எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. கண்ணாணை என்று நீ எழுதியிருக்கிறாயே, அதே மாதிரிதான் நானும் இருந்தேன். அதிலிருந்துதான் சத்தியத்தை நம்புவதை விட்டுவிட்டேன், என்னுடையதையும் சேர்த்து.

மேனேஜர் என்னை இந்த வேலையிலிருந்து விடுவித்துவிட்டதாகத் தாள் அனுப்பியிருக்கிறார். ஆகவே உனக்கு உத்தரவு போட எனக்கு இனி அதிகாரம் இல்லை. வெறும் அண்ணியாகக் கேட்கிறேன். கப்பல் போனதும் ஒரு தடவை அந்தப் பலகையில் படுத்து விளிம்புகளைப் பார். ஒவ்வொரு கட்டமாக. ஆசிட் சொட்டிய பிறகு எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இரும்பே காட்டும். பார்த்துவிட்டு எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. பார்.

அண்ணி


செப்டம்பர் 29

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் நான் பார்க்கவில்லை. வீம்புதான். புது இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே வந்து போய்விட்டார். பளபளக்கிற ஷூ. படகிலிருந்து இறங்கியதிலிருந்து அந்த ஷூவில் தண்ணீர் படாமல் நடப்பதிலேயே அவர் கவனம் முழுக்க இருந்தது. தடிமன் பார்க்கிற கருவியை உத்திரத்தின் நட்டநடுவில் ஏழெட்டு இடத்தில் வைத்தார். "பிரமாதம்" என்றார். விளிம்புப் பக்கம் போகவேயில்லை. பலகையில் படுத்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். நான் ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார். கையெழுத்துப் போட்டார், கிளம்பினார். தாள் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

கப்பல் இருபதாம் தேதி வந்தது, இருபத்திரண்டாம் தேதி போனது. வெள்ளிக்கிழமை காலை, உங்கள் வாயை அடைப்பதற்கென்றே பலகையைக் கட்டினேன். ஒன்று, இரண்டு என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டேன். எட்டு வரைக்கும் சுத்தம். உங்களுக்கு எழுத வேண்டிய நக்கலையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

ஒன்பதில் விளிம்பு நெடுகப் பழுப்பு நூல் ஒட்டின மாதிரி ஒரு கோடு. முதல் இரண்டு மூன்றைத் தவிர போல்ட் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வளையம். துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், பெயிண்ட் நகத்தோடு வந்தது. குழாய் பூட்டுகிற இடம், ஆசிட் அதிகமாகச் சொட்டியிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பத்துக்குப் போனேன். அங்கும்தான் சொட்டுகிறது, ஆனால் பத்து சுத்தம். எட்டுக்குத் திரும்பி வந்தேன், அதுவும் சுத்தம். ஒன்பது மட்டும்தான்.

சட்டைப்பையில் வைத்திருக்கிற சின்ன நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 26: "எட்டு முடிந்தது. ஒன்பது ஆரம்பம். இன்று அண்ணி வருகை." 27: "பத்து."

நீங்கள் விழுந்த நாள், அண்ணி. பலகையில் படுத்திருக்கிறேன், ஒன்பதில் இரண்டோ மூன்றோ போல்ட் அடித்திருப்பேன். படகு வந்து முட்டுகிற சத்தம். அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் அண்ணன் உங்கள் பெயரைக் கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதேயில்லை. நான் எப்படி மேலே ஏறினேன் என்று ஞாபகமில்லை. பிரஷ் எங்கே போனது என்றும் இத்தனை நாள் யோசித்ததில்லை. கடலில்தான் விழுந்திருக்கும். உங்களைப் படகில் படுக்கவைத்து இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தோம். இரவெல்லாம் அங்கேயே இருந்துவிட்டு மறுநாள் காலை திரும்பினேன். அதற்குள் படகு அணைய இடைஞ்சலாக இருக்கிறது என்று பலகையைப் பத்துக்கு நகர்த்திக் கட்டியிருந்தார்கள். நான் அதில் போய்ப் படுத்தேன், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன் என்ற நினைப்பில். எல்லாம் ஒரே சாம்பல். எனக்கு என்ன தெரியும்?

உங்களிடம் மறைக்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்ட தாள் கையில் இருக்கிறது. ஒன்பதை மட்டும் சுரண்டிவிட்டுச் சாம்பலைத் தடவினால் அரை நாள் வேலை. நீங்களும் இந்த வேலையில் இல்லை. யாருக்கும் தெரியாது. டின்னைத் திறந்தே விட்டேன். திறந்த பிறகு கை ஓடவில்லை. ஒன்பதுக்கும்தானே கண்ணாணை என்று எழுதினேன்? அதுவே இந்த லட்சணம் என்றால் மற்ற பதிமூன்றுக்கும் நான் செய்கிற சத்தியத்துக்கு என்ன மதிப்பு? அவை நன்றாக இருக்கின்றன என்பது இன்றைக்குத்தான். அடுத்த வருஷம் எந்தக் கட்டத்தில் எந்தப் போல்ட்டை விட்டேன் என்று தெரியும்போது அங்கே அண்ணன் நின்றுகொண்டிருப்பான்.

அவனிடம் போய்ச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். கயிற்றுச் சுருளை எடுத்து வந்து ஒன்பதுக்கு இரண்டு பக்கமும் கட்டினான். வேலை முடியும்வரை குழாய் பூட்ட முடியாது என்று வயர்லெஸ்ஸில் சொன்னான். மேனேஜர் எகிறினார். "கப்பல் ஒண்ணாம் தேதி வந்து நிக்கும்யா! இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம் என்ன?" அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "ஒன்பதுல நான் நிக்க மாட்டேன் சார். நீங்க வந்து நிக்கறதா இருந்தா சொல்லுங்க, கயித்தை அவுத்துடறேன்" என்றான். சாயங்காலம் பதில் வந்தது: பன்னிரண்டு நாள் அவகாசம்.

நாளைக்குப் பிளாஸ்டிங் ஆரம்பிக்கிறேன். பதினான்கு கட்டமும். நீங்கள் அனுப்பிய ஹார்டனர் பத்திரமாக இருக்கிறது. போன கடிதத்தில் நான் எழுதிய மெத்தை, கால் நீட்டல் எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தன்


அக்டோபர் 2

தம்பிக்கு,

உன்னை என்ன செய்வது என்றே தெரியவில்லை. படித்துவிட்டு அழுதேன். அத்தை ஓடிவந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டார். ஒன்பதாவது கட்டத்தில் துரு பிடித்துவிட்டது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! காலில்தானே அடிபட்டது என்று கேட்டார்.

மூன்று வாரமாக உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் ஒன்பது விட்டுப்போகக் காரணம் நான் ஏணியில் கால் தவறியது. இதற்கு யாரைத் திட்டுவது? நீ பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடிவந்தாய் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. வலியில் நான் கண்ணைத் திறந்தபோது உன் முகமெல்லாம் சாம்பல் புள்ளியாக இருந்தது. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும், ஏன் சிவப்பு இல்லை என்று.

மேனேஜர் நேற்றுப் பேசினார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. பழைய கையெழுத்தை ரத்து செய்துவிட்டாராம். "நீங்களே பார்த்துடுங்க மேடம்" என்றார். திங்கட்கிழமை கட்டைப் பிரிக்கிறார்கள். பத்தாம் தேதி வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறேன். டாக்டர் முடியாது என்கிறார், அத்தை கூடாது என்கிறார். சிவப்பைச் சாம்பல் மூடுவதற்கு முன்னால் நான் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது இருவருக்கும் புரியவில்லை.

புது ஈரப்பத மீட்டரும் அனுப்பியிருக்கிறேன். அது அறுபத்திரண்டு என்று காட்டினால் தயவுசெய்து இரண்டாவது தடவை பார்.

முக்கியமான ஒன்று. நான் படகிலிருந்து ஏறும்போது நீ என்னைப் பார்க்க வராதே. திரும்பிக்கூடப் பார்க்காதே. மறுபடி விழுந்தாலும் சரி, தூக்க உன் அண்ணன் இருக்கிறார். கையில் இருக்கிற கட்டத்தை முடித்து, கடைசிப் போல்ட்டையும் பூசிவிட்டு, பிறகு பிரஷ்ஷைக் கீழே வை. இது அண்ணியாகச் சொல்வதல்ல, இன்ஸ்பெக்டராகச் சொல்கிறேன்.

அண்ணி


அக்டோபர் 6

அண்ணிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், கலந்த பெயிண்ட் டின்னில் இறுகிக்கொண்டிருக்கிறது.

நான்கு கட்டம் சிவப்பு முடிந்தது. ஒன்பதைத்தான் முதலில் செய்தேன். புது மீட்டர் ஒரு நாள் எழுபத்தொன்று, ஒரு நாள் எண்பத்தெட்டு காட்டுகிறது. எண்பத்தெட்டு காட்டிய அன்று வேலையை நிறுத்திவிட்டு மூட்டையில் சாய்ந்து தூங்கினேன். அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் ஏணியில் ஏற வேண்டாம். கிரேனில் ஆள் ஏற்றுகிற கூடையைக் கட்டி வைத்திருக்கிறான் அண்ணன். மூட்டைகளை ஏற்றி இறக்கி மூன்று தடவை சோதித்துப் பார்த்துவிட்டான். நாலாவது தடவை அவனே ஏறிக்கொண்டான். நீங்கள் அவனிடம் ஏதோ நேரில் கேட்கப் போவதாக எழுதியிருந்தீர்கள் என்று சொன்னேன். அதிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போதுதான் என் பங்கு எனக்கு முழுசாகக் கிடைக்கிறது.

இன்ஸ்பெக்டர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் செய்கிறேன். நீங்கள் விழுந்தாலும் பிரஷ்ஷைக் கீழே போடாதே என்றீர்களே, அதை மட்டும் என்னால் செய்ய முடியாது. இன்றைக்கு அடிக்கும்போது பார்த்தேன். சிவப்பு எந்தப் போல்ட்டில் நிற்கிறதோ அதுதான் நான் விட்ட இடம். பலகையை யார் எங்கே நகர்த்திக் கட்டினாலும், நான் மறுநாள் வந்தாலும், ஒரு மாதம் கழித்து வந்தாலும் அது அப்படியே காட்டும். அதனால் வெள்ளிக்கிழமை தொப்பென்று சத்தம் கேட்டால் நான் பிரஷ்ஷைக் கடலில் போட்டுவிட்டுத்தான் ஓடிவருவேன்.

ஆனாலும் விழாமல் வாருங்கள். இரண்டு பிரஷ்தான் மிச்சம் இருக்கிறது.

கொழுந்தன்